கூலர் தேங்கியது, கண்டன்சர் தீர்ந்தது: தேவையைக் கணித்துச் சரக்குச் செலவைக் குறைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கத்திரி முடிந்து நல்ல மழை ஒன்று பெய்த மறுநாள் காலை வேலூர் சைதாப்பேட்டை குடோனைத் திறந்தேன். அட்டைப் பெட்டி பிரிக்காமல் 31 ஏர் கூலர் நின்றுகொண்டிருந்தது. கொள்முதல் விலை ஒன்று 6,000 ரூபாய். மொத்தம் 1,86,000. அடுத்த மார்ச் வரை அதை யாரும் கேட்கப் போவதில்லை.

அன்று மதியமே வழக்கமாக வரும் எலக்ட்ரீஷியன் ஒருவர் கடைக்கு வந்து 2.5 எம்எஃப்டி ஃபேன் கண்டன்சர் கேட்டார். நாலு நாளாகவே அது கடையில் இல்லை. "இன்னாண்ணா, இவ்ளோ பெரிய கடை, ஒரு கண்டன்சர் இல்லியா?" என்று சிரித்துக்கொண்டே போனார். கண்டன்சரோடு சேர்த்து அவர் வாங்க நினைத்திருந்த இரண்டு சுருள் ஒயரும் எதிர்க்கடைக்குப் போனது.

வேண்டாதது குவிந்து கிடக்கிறது, வேண்டியது தீர்ந்துபோயிருக்கிறது. இரண்டும் ஒரே கடையில், ஒரே நாளில். வேலூரில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். காட்பாடி, அணைக்கட்டு, பள்ளிகொண்டா பக்கம் உள்ள சின்னக் கடைகளுக்கு மொத்த வியாபாரமும் உண்டு. அந்த நாளுக்குப் பிறகு இரண்டு மூன்று ஆண்டுகளாக நான் செய்து பார்த்ததை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். கணினியில் பில் போடும் கடை, எக்செல் கொஞ்சம் தெரிந்த ஒரு ஆள், ஒரு நோட்டு. இவ்வளவு இருந்தால் போதும். மளிகை, மருந்து, டைல்ஸ் எதுவானாலும் கணக்கு இதுதான்.

முதலிலேயே ஒன்று. உங்கள் கணிப்பு தவறாகத்தான் இருக்கும். என்னுடையதும் அப்படித்தான். எவ்வளவு தவறுகிறது என்று அளந்து வைத்திருப்பவருக்குக் கொஞ்சம் சரக்கு போதும். அளக்காதவர் பயத்துக்கு வாங்கி அடுக்குகிறார். கீழே வரும் எல்லாக் கணக்கும் அந்தத் தவறை அளக்கத்தான்.

படி 1: அலமாரியில் நிற்கும் பொருளின் வாடகையைக் கணக்கிடுங்கள்

வாங்கி வைத்த பொருள் சும்மா நிற்பதில்லை, மாதா மாதம் செலவு வைக்கிறது. என் கடைக்கு நான் போட்ட கணக்கு இது: வங்கி ஓவர்டிராஃப்ட் (ஓடி) கடனுக்கு வட்டி 11 சதவீதம். குடோன் வாடகை, ஏற்றுகூலி, இறக்குகூலி சேர்த்து 4. உடைவது, எலி கடிப்பது, மாடல் மாறி விலை இறங்குவது எல்லாம் 5. ஆக ஆண்டுக்கு 20 சதவீதம். 100 ரூபாய் சரக்கு ஒரு வருஷம் நின்றால் 20 ரூபாய் போச்சு. உங்கள் கடைக்கு 16 வரலாம், 25 வரலாம். ஆனால் ஒரு எண் கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் மேற்கொண்டு எந்தக் கணக்கும் நகராது.

"சொந்தப் பணம்தானே, வட்டி எங்கிருந்து வருகிறது?" என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. அந்தப் பணம் கையில் இருந்தால் டிஸ்ட்ரிபியூட்டருக்கு உடனே ரொக்கம் கொடுத்து 2 சதவீதம் கழிவு வாங்கலாம், இல்லை வங்கியில் போட்டு வைக்கலாம். கூலர் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்ட பணத்தால் இரண்டையும் செய்ய முடியாது.

படி 2: "இல்லை நோட்டு" தொடங்குங்கள்

எல்லாரும் தவறுவது இங்கேதான். பில் போடும் மென்பொருளில் இருப்பது விற்பனைக் கணக்கு. தேவை எவ்வளவு இருந்தது என்று அது சொல்லாது. கண்டன்சர் நாலு நாள் இல்லை என்றால் அந்த நாலு நாளும் விற்பனை பூஜ்யம் என்றுதான் கணினி காட்டும். அதை நம்பிக் கணித்தால் அடுத்த மாதம் இன்னும் குறைவாக வாங்குவீர்கள், இன்னும் சீக்கிரம் தீரும். இல்லாததாலேயே விற்காத பொருள் "போகாத சரக்கு" என்று பெயர் வாங்கிக்கொண்டு பட்டியலை விட்டே போய்விடும்.

அதனால் கல்லாவுக்குப் பக்கத்தில் 40 பக்க நோட்டு ஒன்று வையுங்கள். வாடிக்கையாளரிடம் "இல்லை" என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் தேதி, பொருள், எத்தனை கேட்டார் என்று ஒரு வரி. அவ்வளவுதான். கடைப் பையன்கள் முதல் வாரம் எழுதுவார்கள், இரண்டாம் வாரம் மறப்பார்கள். எங்கள் கடையில் ஒரு தம்பிக்கு ஒரு வரிக்கு ஒரு ரூபாய் என்று பேசினேன். பொய் வரி எழுதுவானோ என்று பயந்தேன், எழுதவில்லை. முதல் மாதம் 140 ரூபாய் கொடுத்தேன். 140 முறை வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

மாதக் கடைசியில் விற்றதையும் இல்லை நோட்டில் உள்ளதையும் கூட்டினால் தேவைக்குக் கிட்டத்தட்ட ஒரு எண் வரும். ஒரே ஆள் இரண்டு முறை கேட்டிருப்பார், அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

படி 3: பழைய கணக்கைச் சுத்தம் செய்யுங்கள்

மூன்று ஆண்டு விற்பனையை வாரவாரியாக எக்செலில் எடுங்கள். அதில் மூன்று வகைக் குப்பை இருக்கும்.

ஒன்று, ஒரே ஒருமுறை வந்த பெரிய ஆர்டர். சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றிலும் லாட்ஜ்கள் அதிகம். ஒரு லாட்ஜ்காரர் புது மாடி கட்டி 40 ஃபேன் வாங்கினார் என்றால், அடுத்த ஆண்டு அதே வாரத்தில் இன்னொருவர் 40 வாங்குவார் என்று எதிர்பார்க்கக் கூடாது. அதைத் தனிப் பத்தியில் எடுத்து வையுங்கள். அப்படிப்பட்டவர்கள் ஒரு வாரம் முன்னால் சொல்லித்தான் வாங்குவார்கள். அவர்களுக்காக இருப்பு வைக்கத் தேவையில்லை.

இரண்டு, இயல்பில்லாத காலம். 2020 மார்ச் 25 முதல் ஊரடங்கு. அந்த ஏப்ரல் மே விற்பனையை வைத்துக் கோடையைக் கணித்தால் வேலூரில் ஃபேனே விற்காது என்று வரும். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் ஓடியபோது எமர்ஜென்சி விளக்கு விற்ற வேகமும் அப்படித்தான். தேர்தல் நடத்தை விதி இருக்கும்போது ஆவணம் இல்லாமல் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொண்டுபோக முடியாது. கிராமத்துக் கடைக்காரர்கள் கொள்முதலைத் தள்ளிப்போடுவார்கள். 2019 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் மற்ற தொகுதிகளுக்கெல்லாம் ஏப்ரலிலேயே வாக்குப்பதிவு முடிந்தது. வேலூர் தொகுதிக்கு மட்டும் தேர்தல் ரத்தாகி, ஆகஸ்ட் 5ஆம் தேதி வாக்குப்பதிவு நடந்தது. பழைய கணக்கை எடுத்தபோது அந்த ஆண்டு மட்டும் கோடு இரண்டு இடத்தில் பள்ளம் விழுந்திருந்தது. காரணம் நினைவுக்கு வர எனக்கு ஒரு நாள் ஆனது.

மூன்று, சட்டம் மாறியது. 2023 ஜனவரி 1 முதல் சீலிங் ஃபேனுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயம் ஆனது. அதற்கு முந்தைய மாடல்களின் விற்பனை வரலாறு இனி எதற்கும் உதவாது. ஏசி விற்பவர்களுக்கு 2025 செப்டம்பர் இன்னொரு உதாரணம். 22ஆம் தேதி முதல் ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாக இறங்கும் என்று தெரிந்த பிறகு அதுவரை யார் வாங்குவார்கள்? முதல் மூன்று வாரத்துப் பள்ளத்தையும் அடுத்த வாரத்து மேட்டையும் அப்படியே கணக்கில் சேர்க்கக் கூடாது.

படி 4: எல்லாப் பொருளுக்கும் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம்

என் கடையில் ஏறக்குறைய 1,400 பொருள். ஆண்டு விற்பனை மதிப்பைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குங்கள். மேலே இருக்கும் கொஞ்சம் பொருளே பெரும்பங்கு பணத்தைப் பிடித்து வைத்திருக்கும். அது ஏ வகை, வாரம் ஒருமுறை கணக்கு. நடுவில் பி, மாதம் ஒருமுறை. மீதி சி வகை, அதாவது ஆணி, டேப், கேங் பாக்ஸ் மாதிரியானவை. அவற்றுக்கு இரண்டு டப்பா முறை போதும்: ஒரு டப்பா காலியானால் அடுத்த டப்பாவைத் திறந்துவிட்டு ஆர்டர் எழுது.

ஒரு எச்சரிக்கை. கண்டன்சர் மதிப்பில் சி வகைதான். ஆனால் அது இல்லாவிட்டால் எலக்ட்ரீஷியனே போய்விடுகிறார். இப்படிப்பட்ட பத்து இருபது பொருளைக் கையால் தேர்ந்தெடுத்து ஏ வகையோடு சேர்த்துவிடுங்கள். இதைக் கணினி சொல்லாது.

படி 5: சீராகப் போகும் பொருளுக்கு நகரும் சராசரி

1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், 90 மீட்டர் சுருள். எட்டு வாரத் தேவை: 12, 9, 14, 11, 8, 13, 10, 11.

கடைசி நாலு வாரத்தின் சராசரியே அடுத்த வாரத்தின் கணிப்பு என்று வையுங்கள். ஐந்தாம் வாரத்துக்குக் கணிப்பு 11.5, நடந்தது 8, பிழை 3.5 குறைவு. ஆறாம் வாரம் கணிப்பு 10.5, நடந்தது 13, பிழை 2.5 கூடுதல். ஏழாம் வாரம் 11.5க்கு 10. எட்டாம் வாரம் 10.5க்கு 11. கூட்டல் கழித்தலை விட்டுவிட்டுப் பிழைகளை மட்டும் கூட்டினால் 3.5 + 2.5 + 1.5 + 0.5 = 8. நாலால் வகுத்தால் சராசரிப் பிழை 2 சுருள்.

இந்த 2 நல்லதா கெட்டதா என்று எப்படித் தெரியும்? சோம்பேறி முறையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். போன வாரம் எவ்வளவோ அதுவே இந்த வாரமும் என்று வைத்தால், அதே நாலு வாரத்துக்குப் பிழைகள் 3, 5, 3, 1. சராசரி 3. ஆக நம் முறை தேவலாம். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மென்பொருளாக இருந்தாலும் முதலில் இந்தச் சோம்பேறி முறையைத் தோற்கடிக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அடுத்த வாரத்தின் கணிப்பு 8, 13, 10, 11 ஆகியவற்றின் சராசரி: 10.5.

படி 6: பிழையை வைத்துக் காப்பு இருப்பு

மொத்த வழிகாட்டியிலும் பணம் மிச்சமாகும் இடம் இது, நிதானமாகப் படியுங்கள்.

நான் வாரம் ஒருமுறை ஆர்டர் போடுகிறேன். சரக்கு சென்னையிலிருந்து வந்து சேர ஒரு வாரம். ஊர் என்னவோ 140 கிலோமீட்டர்தான், ஆனால் பில் போட்டு, லாரி ஷெட்டில் ஏற்றி, இங்கே வந்து இறங்க அவ்வளவு ஆகிறது. ஆக இன்று போடும் ஆர்டர் அடுத்த இரண்டு வாரத் தேவையைத் தாங்க வேண்டும். கணிப்புப்படி அது 21 சுருள்.

கணிப்பு தவறும் என்பதால் மேலே கொஞ்சம் வேண்டும். அதுதான் காப்பு இருப்பு. சராசரிப் பிழையை 1.25ஆல் பெருக்கினால் பிழையின் திட்ட விலக்கம், அதாவது பிழை எவ்வளவு சிதறுகிறது என்ற அளவு, ஏறக்குறைய கிடைக்கும்: 2.5. இரண்டு வாரம் என்பதால் 2இன் வர்க்கமூலத்தால், அதாவது 1.41ஆல் பெருக்க வேண்டும். நூற்றுக்கு 95 முறை சரக்கு தீராமல் இருக்க 1.65ஆல் பெருக்க வேண்டும். 1.65 × 2.5 × 1.41 = 5.8. அதாவது 6 சுருள்.

21உம் 6உம் 27. கையில் இருப்பது 9, வழியில் வந்துகொண்டிருப்பது 4 என்றால் ஆர்டர் 14. முடிந்தது.

முன்பு நான் எப்போதும் 40 சுருளுக்குக் குறையாமல் வைத்திருந்தேன். ஏன் 40 என்று கேட்டால் பதில் கிடையாது. ஒரு தைரியத்துக்குத்தான். இப்போது சராசரியாக நிற்பது 11, 12. சுருள் 2,000 ரூபாய் என்று வைத்தால் 28 சுருள், 56,000 ரூபாய் விடுபட்டது. 20 சதவீதக் கணக்கில் ஆண்டுக்கு 11,200 ரூபாய், ஒரே ஒரு பொருளில்.

95க்குப் பதில் 90 சதவீதம் போதும் என்றால் 1.28ஆல் பெருக்குங்கள். 98க்கு 2.05. 99க்கு 2.33. மேலே போகப் போக ஒவ்வொரு சதவீதத்துக்கும் விலை கூடிக்கொண்டே போகும். கண்டன்சர் போன்ற மலிவான, இன்றியமையாத பொருளுக்கு 99 வையுங்கள். அலங்கார விளக்குக்கு 85கூடப் போதும்.

சரி, டிஸ்ட்ரிபியூட்டர் ஒழுங்காக அனுப்பாவிட்டால்? ஆர்டர் போட்ட தேதி, வந்த தேதி இரண்டையும் பத்து முறை குறித்துப் பாருங்கள். என் கணக்கில் அந்த இரண்டு வாரம் அரை வாரம் முன்பின்னாக ஆடியது. அதையும் சேர்த்தால்: 2.5இன் வர்க்கம் × 2 = 12.5. வாரத் தேவை 10.5இன் வர்க்கம் × 0.5இன் வர்க்கம் = 27.6. இரண்டையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 6.3. அதை 1.65ஆல் பெருக்கினால் 10.4. காப்பு இருப்பு 6இலிருந்து 10, 11க்கு ஏறிவிட்டது.

12.5ஐயும் 27.6ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் எண் வாடிக்கையாளர்களின் மனமாற்றம், இரண்டாவது சரக்கு அனுப்புபவரின் தாமதம். "ஜனங்க எப்ப வாங்குவாங்கன்னே தெரியல" என்று நாம் புலம்புகிறோம். நம் குடோனை அதிகம் நிரப்புபவர் சரக்கு அனுப்புபவர்தான். இந்தக் கணக்கைக் காட்டி, செவ்வாய்க்கிழமை வண்டி ஏற்றினால்தான் ஆர்டர் என்று பேசினேன். மூன்று மாதத்தில் ஓரளவு சரியானது. கணிப்பைத் திருத்துவதை விட இது சுலபமாக இருந்தது.

படி 7: வெயிலூருக்குப் பருவக் குறியீடு

எங்கள் ஊருக்கு வெயிலூர் என்று பட்டப்பெயர். கோடையில் 40 டிகிரியைத் தாண்டுவது செய்தியே அல்ல. ஃபேனுக்கு நாலு வார நகரும் சராசரி போட்டால் மார்ச்சில் பற்றாக்குறை, ஜூனில் தேக்கம். கோடு எப்போதும் ஒரு மாதம் பின்தங்கியே ஓடும்.

இதற்கு வழி, மாதத்தை அந்த ஆண்டின் சராசரி மாதத்தோடு ஒப்பிடுவது. ஒரு மாடல் சீலிங் ஃபேன், உதாரணக் கணக்கு:

2023: ஆண்டுக்கு 540, சராசரி மாதம் 45, ஏப்ரல் 108. விகிதம் 2.4
2024: ஆண்டுக்கு 600, சராசரி மாதம் 50, ஏப்ரல் 130. விகிதம் 2.6
2025: ஆண்டுக்கு 624, சராசரி மாதம் 52, ஏப்ரல் 104. விகிதம் 2.0

மூன்றின் சராசரி 2.33. ஏப்ரல் மாதத்தின் பருவக் குறியீடு அதுதான். இதேபோலப் பன்னிரண்டு மாதத்துக்கும் போடுங்கள். நவம்பருக்கு 0.35 வந்தது.

அடுத்தது, பருவத்தைக் கழித்துவிட்டால் வியாபாரம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பது. அடிப்படை அளவு மாதம் 52 என்று வைத்திருந்தேன். ஜனவரியின் குறியீடு 0.7. ஜனவரியில் 42 விற்றது. 42ஐ 0.7ஆல் வகுத்தால் 60. எதிர்பார்த்த 52க்கு 8 கூடுதல். இந்த 8ஐ அப்படியே நம்பாமல் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் நம்புங்கள்: 52 + 1.6 = 53.6. புதிய அடிப்படை 54. ஏப்ரலுக்குக் கணிப்பு 54 × 2.33 = 126.

எக்ஸ்பொனென்ஷியல் ஸ்மூத்திங் என்று பயமுறுத்தும் பெயரில் சொல்வது இந்த "ஐந்தில் ஒரு பங்கு" வேலையைத்தான். அந்தப் பங்குக்கு ஆல்ஃபா என்று பெயர். 0.1 முதல் 0.3 வரை வைக்கலாம். சார்ல்ஸ் ஹோல்ட் 1957இலும் பீட்டர் வின்டர்ஸ் 1960இலும் ஏற்ற இறக்கத்தையும் பருவத்தையும் சேர்த்து இதை விரிவாக்கினார்கள். எக்செலில் அதற்கான ஃபார்முலா இப்போது தயாராகவே இருக்கிறது. ஆனால் ஒருமுறையாவது கையால் போட்டுப் பாருங்கள். அப்போதுதான் ஏப்ரல் 126 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று கடை ஆட்களுக்கு விளக்க முடியும். விளக்க முடியாத எண்ணை யாரும் மதிக்க மாட்டார்கள், அப்பா உட்பட.

படி 8: காலண்டரை மாற்றிப் பாருங்கள்

தீபாவளி 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20. சீரியல் லைட்டுக்கு அக்டோபர் குறியீடு, நவம்பர் குறியீடு என்று போட்டால் இரண்டும் பொய். ரம்ஜான் பண்டிகை ஆண்டுதோறும் முன்னால் நகர்ந்துகொண்டே போகிறது: 2023 ஏப்ரல் 22, 2024 ஏப்ரல் 11, 2025 மார்ச் 31. ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர் வியாபாரத்தில் ரம்ஜான் விற்பனையைக் கணக்கில் எடுக்காமல் இருக்க முடியாது. 2023 ஏப்ரலின் ஃபேன் விற்பனையில் எவ்வளவு வெயில், எவ்வளவு நோன்பு மாத விற்பனை என்று பிரிக்காமல் அதை 2026 ஏப்ரலுக்குப் பொருத்தக் கூடாது.

பண்டிகைப் பொருளுக்கு மாதத்தை விட்டுவிட்டு "பண்டிகைக்கு 4 வாரம் முன், 3 வாரம் முன்" என்று எண்ணுங்கள்.

ஒயர், சுவிட்ச், பைப் போன்ற கட்டுமானப் பொருளுக்கு ஏற்றது தமிழ் மாதம். ஆடியிலும் மார்கழியிலும் புதுமனை புகுவிழா வைப்பவர்கள் குறைவு. ஆவணி, தை என்றால் முந்தைய மூன்று வாரமும் எலக்ட்ரீஷியன்கள் பிடிபட மாட்டார்கள். ஆங்கில மாதத்தில் பார்த்தால் ஜூலை ஆகஸ்ட் இரண்டும் சுமாராகத் தெரியும். ஆடி, ஆவணி என்று பிரித்ததும் ஒன்று பள்ளம், ஒன்று மேடு. குடியாத்தம் கடைக்காரர்களுக்கு இன்னொரு தேதி உண்டு: வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அதற்கு முந்தைய இரண்டு வாரமும் விளக்கு, ஒயர், ஹோல்டர் கேட்டு போன் வரும். மாவட்டம் 2019இல் மூன்றாகப் பிரிந்தாலும் வியாபாரம் பழைய வட ஆற்காட்டு எல்லையிலேயே ஓடுகிறது. நீங்கள் சரக்கு அனுப்பும் ஊர்களின் திருவிழாத் தேதியை எழுதி வையுங்கள்.

படி 9: பருவத்தின் கடைசிக் கொள்முதல்

இப்போது அந்த 31 கூலருக்கு வருவோம். தினமும் விற்கும் ஒயருக்கு 95 சதவீதம் என்று சொன்னேன். கூலருக்கு அதைச் சொல்ல மாட்டேன். ஏனென்றால் மிஞ்சினால் எட்டு மாதம் தூங்கும்.

ஒரு கூலர் விற்றால் லாபம் 1,200. மிஞ்சினால் ஜூலை முதல் பிப்ரவரி வரை 8 மாதச் செலவு: 6,000இல் 20 சதவீதம், அதில் பன்னிரண்டில் எட்டு பங்கு, 800. 1,200ஐ 1,200 + 800ஆல் வகுத்தால் 0.6. ஆக 60 சதவீத நிச்சயத்துக்கு வாங்கினால் போதும், அதற்கு மேல் போனால் நஷ்டம் முந்திக்கொள்ளும். என் கணிப்பு 90 கூலர், பிழையின் திட்ட விலக்கம் 20. 60 சதவீதத்துக்குப் பெருக்க வேண்டியது 0.25. 90 + 5 = 95 கூலர்.

நான் வாங்கியது 120. விற்றது 89. கணக்குப் பார்த்தால் 93 சதவீத நிச்சயத்துக்கு வாங்கியிருக்கிறேன். ஏன்? அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரல் கடைசியிலேயே தீர்ந்துபோய், மே முழுக்க எதிர்க்கடைக்காரர் விற்றதைப் பார்த்த எரிச்சல். வேறு காரணமே இல்லை.

போட்டி அதிகமாகி லாபம் 400 என்று இறங்கினால் 400ஐ 400 + 800ஆல், அதாவது 1,200ஆல் வகுக்க வேண்டும், 33 சதவீதம்தான். அதற்குப் பெருக்குவது கழித்தல் 0.43. 90 − 8.6, அதாவது 81. கணிப்பை விடக் குறைவாக வாங்குவதே சரி என்று கணக்கு சொல்கிறது. முதலில் நம்பச் சிரமமாகத்தான் இருக்கும்.

படி 10: எப்போதாவது போகும் பொருள்

7.5 எச்பி மோட்டார் ஸ்டார்ட்டர். ஆறு வாரம் யாரும் கேட்க மாட்டார்கள், பிறகு ஒரே நாளில் இரண்டு போகும். இதற்கு நகரும் சராசரி உதவாது. 1972இல் கிராஸ்டன் என்பவர் சொன்ன முறை எளிது: ஒருமுறை கேட்கும்போது எத்தனை, இரண்டு கேட்புக்கு நடுவே எத்தனை வாரம் என்று தனித்தனியே சராசரி எடுங்கள். 1.5 ஸ்டார்ட்டர், 6 வாரம் என்றால் வாரத்துக்கு 0.25. இரண்டு வைத்திருந்தால் போதும்.

அதைவிட நல்ல வழியும் உண்டு. பக்கத்துக் கடைக்காரரோடு பேசி, அவர் ஸ்டார்ட்டர் வைப்பது, நான் பம்பு உதிரி வைப்பது என்று பிரித்துக்கொண்டோம். ஒருவருக்கொருவர் வாங்கின விலைக்கே கொடுத்து வாங்குகிறோம்.

படி 11: ஸ்கீம் வரும்போது

"50 எடுத்தா 3 ஃப்ரீ சார், இந்த மாசத்தோட கடைசி" என்று கம்பெனி ஆள் வருவார். மறுக்கவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். மாதம் 10 விற்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் என்றால் 50 தீர 5 மாதம், சராசரியாக ஒவ்வொன்றும் 2.5 மாதம் நிற்கும். மாதம் 1.67 சதவீதம் வீதம் 4.2 சதவீதச் செலவு. கிடைப்பது 6 சதவீதம். வாங்கலாம். அதே ஆள் 200 எடுத்தால் 8 சதவீதம் என்றால் தீர 20 மாதம், சராசரி 10 மாதம், செலவு 16.7 சதவீதம். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

படி 12: மாதம் ஒருமுறை சோதனை

ஏ வகைப் பொருளுக்கு மட்டும் பிழைகளைக் கூட்டல் கழித்தலோடு கூட்டி, சராசரிப் பிழையால் வகுங்கள். ஒயர் உதாரணத்தில் −3.5 + 2.5 − 1.5 + 0.5 = −2. அதை 2ஆல் வகுத்தால் −1. நாலுக்குள் இருந்தால் கவலை இல்லை. நாலைத் தாண்டினால் கணிப்பு ஒரே பக்கமாகச் சாய்கிறது என்று பொருள். எதிரில் புதுக் கடை வந்திருக்கலாம், மாடல் மாறியிருக்கலாம். முறையை மாற்றுவதற்கு முன் காரணத்தைத் தேடுங்கள்.

படி 13: வரலாறே இல்லாத புதுப் பொருள்

குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி ஃபேன் வந்தபோது எங்களிடம் ஒரு வருஷக் கணக்கும் இல்லை. கம்பெனி ஆள் 60 எடுக்கச் சொன்னார். நான் இல்லை நோட்டைப் புரட்டினேன். இரண்டு மாதத்தில் 11 பேர் கேட்டிருந்தார்கள், அதில் 7 பேர் சத்துவாச்சாரி பக்கம். கேட்டவர்களில் பாதிப் பேர் வாங்குவார்கள் என்று வைத்து 6 எடுத்தேன். எலக்ட்ரீஷியன்கள் நாலு பேருக்குப் போன் போட்டு வந்திருக்கிறது என்று சொன்னேன்.

ஒன்பது நாளில் ஆறும் போனது. அடுத்த ஆர்டர் 12. நோட்டில் அந்த ஒன்பது நாளுக்குப் பிறகு மேலும் 4 வரி இருந்தது, தம்பிக்கு 4 ரூபாய் கொடுத்தேன்.